ஹெபடைடிஸ் சி: மருந்து எடுக்கும் 12 வாரங்களில் என்ன சாப்பிடுவது?

இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தவுடன் எமது வீடுகளில் எழும் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "என்ன பத்தியம்?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஓரிரு நாட்களுக்குள் நோயாளியின் சாப்பாட்டில் எண்ணெய் நின்றுவிடும். முட்டை, மீன், இறைச்சி எல்லாம் விலக்கப்படும். காலையும் மாலையும் அரிசிக் கஞ்சி கொடுக்கப்படும். யாரோ ஒருவர் இலைச் சாறு கொண்டுவந்து கொடுப்பார், இன்னொருவர் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலைக் கொடுப்பார். அவருக்கென்று தனிப் பீங்கானும் தனிக் கோப்பையும் எடுத்து வைக்கப்படும்.

இவை அனைத்தும் அன்பின் காரணமாகச் செய்யப்படுபவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றில் சில பயனற்றவை, சில நோயாளியின் உடலைப் பலவீனப்படுத்துபவை, ஒன்றிரண்டு மருந்தின் வேலையையே கெடுக்கக் கூடியவை. எனவே இந்தச் சிகிச்சைக் காலத்தில் உணவு விடயத்தில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகும்.

சுருக்கமாகச் சொல்வதானால், ஹெபடைடிஸ் சி கிருமியை அழிப்பது குளிசை. எந்த உணவும் அதை அழிப்பதில்லை. உணவின் வேலை மூன்று. குளிசை உடலில் சரியாகச் சேர இடம் கொடுப்பது ஒன்று. ஈரலுக்கு மேலதிகச் சுமையை ஏற்றாமல் இருப்பது இரண்டாவது. உடல் பலம் விழாமல் காப்பது மூன்றாவது. பட்டினிக்கு இந்த மூன்றிலும் இடமில்லை.

செங்கமாரிப் பத்தியம் ஏன் இதற்குப் பொருந்தாது?

எமது மக்களிடம் உள்ள ஈரல் பத்தியம் பெரும்பாலும் செங்கமாரிக்கு, அதாவது மஞ்சட்காமாலைக்கு உருவான பத்தியம். அசுத்தமான நீரினாலும் உணவினாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ வந்தால் சில வாரங்களுக்குக் கண் மஞ்சளாகும், ஓங்காளம் வரும், எண்ணெய் வாடையே பிடிக்காது. பெரும்பாலானோருக்கு அது தானாகவே குணமாகிவிடும். அந்தச் சில வாரங்கள் கஞ்சியுடன் கழிந்தால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது.

ஹெபடைடிஸ் சி வேறு விதமானது. அது இரத்தத்தின் மூலம் பரவுகின்றது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் 20, 30 வருடங்கள் ஈரலில் தங்கியிருந்து மெதுவாகத் தழும்பை உண்டாக்குகின்றது. அந்தத் தழும்பு முற்றிய நிலைதான் சிரோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 50 மில்லியன் பேர் இந்தக் கிருமியுடன் வாழ்கின்றனர். 2022 இல் மட்டும் சுமார் 242,000 பேர் இதனால் இறந்துள்ளனர். இலங்கையில் இந்நோய் பொதுமக்களிடையே குறைவாகவே காணப்படுகின்றது. எனினும் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள், ஊசி மூலம் போதைப்பொருள் பாவித்தவர்கள் ஆகியோர் கூடுதல் ஆபத்தில் உள்ளனர்.

பத்திய நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் பழைய சிகிச்சை. முன்னர் இன்டர்பெரோன் ஊசியையும் ரிபாவிரின் குளிசையையும் 24 முதல் 48 வாரங்கள் வரை எடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சல், வாந்தி, பசியின்மை, உடல் மெலிவு, மனச்சோர்வு எல்லாம் வந்தன. எதைச் சாப்பிட்டால் வயிற்றில் நிற்கும் என்பதே அன்று பெரிய பிரச்சினை. 2013 இன் இறுதியில் சொபோஸ்புவிர் அறிமுகமானதன் பின்னர் நிலைமை மாறியது. இப்போது பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு தடவை வாயால் எடுக்கும் குளிசை, 12 வாரங்கள். 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக்கு 84,000 டொலர் விலை வைக்கப்பட்ட அதே மருந்தை இந்தியக் கம்பனிகள் பின்னர் அதன் மிகச் சிறிய பங்கு விலைக்குத் தயாரித்தன. பழைய சிகிச்சை போய்விட்டது. அதற்காகச் சொல்லப்பட்ட ஆலோசனைகள் மட்டும் இன்னும் வாய்வழியாக உலாவுகின்றன.

குளிசை தொடங்க முன்னர்

உணவைப் பற்றி முடிவெடுக்க முன்னர் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஈரலில் சிரோசிஸ் உள்ளதா, இல்லையா? அடுத்து வரும் ஆலோசனைகள் யாவும் இந்த விடையைப் பொறுத்தே மாறும். இரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன், பைப்ரோஸ்கேன் ஆகியவற்றின் மூலம் வைத்தியர் இதைக் கண்டறிவார். முடிவை வாய்மொழியாகக் கேட்டு வராமல் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அத்துடன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். உடலில் அடங்கிக் கிடக்கும் பி கிருமி, சி கிருமி அழிக்கப்படும்போது மீண்டும் தலைதூக்கக் கூடும். இது அரிதாக நடந்தாலும் ஆபத்தானது. பி இல்லாதவர்கள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மிக முக்கியமானது. நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். பிரஷர் குளிசை, சீனி வருத்தத்துக்கான குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, பாமசியில் கேட்டு வாங்கிய காஸ்ட்ரைட்டிஸ் குளிசை, விற்றமின், வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்பிய மூலிகைக் கெப்சியூல், யூனானி லேகியம், ஆயுர்வேத அரிஷ்டம் என ஒன்றையும் விட வேண்டாம். "இது மருந்து இல்லையே" என்று வீட்டில் வைத்துவிட்டு வரும் போத்தலே சில வேளைகளில் பிரச்சினைக்குக் காரணமாகின்றது.

இருதயத்துடிப்புக்காக அமியோடரோன் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொபோஸ்புவிருடன் அது சேர்ந்தால் இருதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடோயின் ஆகியவையும் காசநோய்க்கான ரிபாம்பிசினும் ஹெபடைடிஸ் சி மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எதை மாற்றுவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

தொடங்கும் நாளில் உடல் நிறையையும் எழுதி வையுங்கள். 12 வாரங்களில் சாப்பாடு சரியாக நடக்கின்றதா என்பதைக் காட்டும் எளிய அளவுகோல் அதுதான். ஆனால் காலிலும் வயிற்றிலும் நீர் தேங்கினாலும் நிறை கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்தக் குளிசை, எந்த நேரம்?

சொபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த குளிசையையும், சொபோஸ்புவிர், டக்லட்டாஸ்விர் குளிசைகளையும் சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம். சொபோஸ்புவிரும் லெடிபாஸ்விரும் சேர்ந்ததும் அவ்வாறே. ஆனால் கிளெகப்ரெவிரும் பிப்ரென்டாஸ்விரும் சேர்ந்த மருந்தை உணவுடன்தான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் அது உடலில் சேர்வது குறைந்துவிடும். ரிபாவிரின் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் சாப்பாட்டுடனேயே எடுக்க வேண்டும்.

ஆகவே உங்கள் குளிசையின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். "வெள்ளைப் போத்தல் குளிசை" என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது.

நேரத்தைப் பொறுத்தவரை எந்த நேரம் என்பதைவிட ஒரே நேரம் என்பதே முக்கியம். சுபஹுத் தொழுகைக்குப் பின்னரோ, இஷாவுக்குப் பின்னரோ, காலைச் சாப்பாட்டுடனோ, ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்துடன் இதைச் சேர்த்துவிட்டால் மறதி குறையும். சொபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் குளிசையை மறந்து, வழமையான நேரத்திலிருந்து 18 மணித்தியாலங்களுக்குள் நினைவு வந்தால் உடனே எடுக்கலாம். அதற்கு மேல் போய்விட்டால் அடுத்த வேளைக்குரியதை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. குளிசை எடுத்து மூன்று மணித்தியாலங்களுக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். கையிருப்பில் ஒரு குளிசை குறைந்துவிடும் என்பதால் அதைக் கிளினிக்கிற்கு அறிவியுங்கள்.

காஸ்ட்ரைட்டிஸ் மருந்து

இந்தக் கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்பட்டாஸ்விரும் லெடிபாஸ்விரும் கரைந்து உடலில் சேர்வதற்கு இரைப்பையில் அமிலம் தேவை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எடுத்தால் அவை குறைவாகவே உடலில் சேரும். குளிசையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கியும் போதிய மருந்து இரத்தத்தில் இல்லாமல் போகலாம். எமது நாட்டில் ஒமெப்ரசோல் இல்லாத வீடுகள் குறைவு. புரியாணி சாப்பிட்டுவிட்டு நெஞ்செரிந்தால் ஒன்று, வெறும் வயிறு புகைந்தால் ஒன்று என்று கேட்காமலே எடுத்துப் பழகியுள்ளோம்.

நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்து, சப்பும் அமில நிவாரணி ஆகியவற்றுக்கும் வெல்பட்டாஸ்விருக்கும் இடையில் நான்கு மணித்தியால இடைவெளி தேவை. பெமோடிடின் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்படாமல் குளிசையுடன் ஒரே நேரத்திலோ 12 மணித்தியால இடைவெளியிலோ எடுக்கலாம். ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்தவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தவிர்க்கவே முடியாத நிலையில் வெல்பட்டாஸ்விர் குளிசையைச் சாப்பாட்டுடன் எடுத்து, நான்கு மணித்தியாலங்களுக்குப் பின்னர் 20 மில்லிகிராம் ஒமெப்ரசோல் எடுக்கும் முறை உள்ளது. இதை வைத்தியரே சொல்ல வேண்டும். டக்லட்டாஸ்விர் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரத்த வாந்தி அல்லது அல்சர் காரணமாக வைத்தியர் எழுதிய ஒமெப்ரசோலை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. இரு மருந்துகளையும் ஒரே வைத்தியரிடம் காட்டுவதே வழி.

இங்கேதான் உணவு மருந்தாக உதவ முடியும். இராச் சாப்பாட்டைத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் முடித்துக்கொள்வது, ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுவது, பொரித்தவற்றையும் அதிக உறைப்பையும் குறைப்பது ஆகியவற்றால் பலருக்கு நெஞ்செரிவு அடங்கிவிடும். அமில மருந்தின் தேவையும் குறையும்.

சிரோசிஸ் இல்லாதவரின் பீங்கான்

சிரோசிஸ் இல்லாதவர்களுக்குத் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. வீட்டார் அனைவரும் சாப்பிட வேண்டிய ஒழுங்கான சாப்பாடே அவருக்கும் உரியது. பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, கடலை போன்றவை என்ற அளவு போதுமானது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பருப்புக்கறி, மீன் ஆணம் ஆகியவை எல்லாம் நல்ல சாப்பாடுகளே. மீனையும் முட்டையையும் நிறுத்தத் தேவையில்லை.

குறைக்க வேண்டியது சீனியும் பொரியலும். ராகம பிரதேசத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. ஹெபடைடிஸ் சி உள்ள ஈரலில் கொழுப்பும் சேர்ந்தால் தழும்பு வேகமாக வளரும். கிருமி போன பின்னரும் கொழுப்பு தங்கிவிடும். எனவே சோடாவும், மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீரும், மாலை நேர ரோல்ஸும், இரவுக் கொத்து ரொட்டியும் குறைய வேண்டும். வட்டிலப்பம் பெருநாளைக்கு ஒரு துண்டு சாப்பிடலாம், அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பிடுவது வேறு விடயம்.

கோப்பி குடிப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை கோப்பி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பும் ஈரல் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சீனி குறைவாக இருக்க வேண்டும், நித்திரையைக் கெடுக்காத நேரமாகவும் இருக்க வேண்டும். மதுவை முற்றாகத் தவிர்க்க வேண்டும். இருமல் பாணிகளிலும் அரிஷ்டங்களிலும் மதுசாரம் இருக்கலாம் என்பதால் லேபலைப் பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, கொப்பரை, செத்தல் மிளகாய் ஆகியவற்றை வெட்டிக் கழித்துப் பாவிக்காமல் முழுமையாக வீசிவிடுங்கள். அவற்றில் உருவாகும் அப்லடொக்சின் என்ற நஞ்சு ஈரல் புற்றுநோயுடன் தொடர்புடையது.

இரும்புச்சத்து டொனிக், இரும்புக் குளிசை என்பவற்றை வைத்தியர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். உடலில் மேலதிக இரும்பு ஈரலிலேயே தேங்கும். தலசீமியா நோயாளிகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அவர்களுக்கு ஏற்கனவே ஏற்றப்படும் இரத்தத்தினாலேயே இரும்பு மிகுந்திருக்கும். சாப்பாட்டுடன் பிளேன் டீ குடிப்பது உணவிலுள்ள இரும்பு சேர்வதைக் குறைக்கும் என்பதால் அவர்களுக்கு அந்தப் பழக்கம் நல்லதே.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு

பத்தியத்தினால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் இவர்கள்தான். ஈரல் சுருங்கியவர்களின் உடல் வேகமாகத் தசையை இழக்கின்றது. ஆரோக்கியமான ஈரல் இரவு முழுவதற்குமான சக்தியைச் சேமித்து வைத்திருக்கும். சிரோசிஸ் உள்ள ஈரலால் அது முடியாது. எனவே சில மணித்தியாலங்கள் சாப்பிடாமல் இருந்தாலே உடல் தன் தசையைக் கரைத்துச் சக்தி எடுக்கத் தொடங்கிவிடும். அத்தகைய ஒருவருக்குக் கஞ்சியை மட்டும் கொடுத்து மீன், முட்டையை நிறுத்துவது அவரை மேலும் மெலிய வைப்பதாகும்.

புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய கருத்தை ஈரல் வைத்தியத் துறை கைவிட்டுவிட்டது. இன்றைய வழிகாட்டல்கள் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கின்றன. 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராமும் உள்ளது. ஒரு கோப்பை சமைத்த பருப்பில் 15 கிராமுக்கு மேல் கிடைக்கும். எனவே மூன்று வேளையும் ஏதாவதொரு புரதம் இருந்தாலே இந்த அளவை எட்ட முடியும். தடுமாற்றம், பகல் தூக்கம், நினைவுக் குழப்பம் வந்தவர்களுக்குக்கூட புரதத்தை நிறுத்துவது தீர்வல்ல. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டு, பருப்பு, பயறு, தயிர் போன்றவற்றைக் கூட்டி, உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது, தூங்கச் செல்ல முன்னர் ஒரு சிறு சாப்பாடு. இரண்டு துண்டு பாணும் முட்டையும், அல்லது அவித்த பயறு ஒரு கோப்பை, அல்லது வாழைப்பழமும் தயிரும் போதும். காலையிலும் எழுந்து நெடுநேரம் வெறும் வயிற்றுடன் இருக்கக் கூடாது.

மூன்றாவது உப்பு. வயிற்றில் நீர் கட்டியவர்கள், கால் வீங்கியவர்கள் முழு நாளுக்கும் எல்லாமாக ஏறத்தாழ 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாடு, மாசி, அச்சாறு, பப்படம், சூப் கட்டி, சோயா சோஸ், பக்கற் நூடுல்ஸ் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். தேசிக்காய், கொரக்காய், மிளகு, கறிவேப்பிலை, இஞ்சி ஆகியவற்றைக் கொண்டு சுவையைக் கூட்டலாம். ஆனால் உப்பில்லாததால் சாப்பாடே இறங்கவில்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சாப்பிடாமல் இருப்பது உப்பைவிடப் பெரிய தீங்காகலாம்.

நோவுக்குப் பனடோல் எடுப்பதாயின் சிரோசிஸ் உள்ளவர்கள் ஒரு நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு. டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகளை அவர்கள் தவிர்க்க வேண்டும்.

கருஞ்சீரகமும் இலைச் சாறுகளும்

கருஞ்சீரகத்தின் சிறப்பை எமது மக்கள் நன்கு அறிவார்கள். அதை உணவில் தூவிச் சாப்பிடுவதை எந்த வைத்தியரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அது ஹெபடைடிஸ் சி கிருமியை உடலிலிருந்து அழிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதை நம்பிக் குளிசையைப் பிற்போடுவது, கையில் கிடைத்த நிவாரணத்தைத் தட்டிவிடுவதாகும். எண்ணெயாகவோ கெப்சியூலாகவோ கூடுதலாக எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது மேலும் அவசியம்.

மஞ்சளும் இதே போன்றதுதான். கறியில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் மிளகுச் சாரம் சேர்த்துச் செறிவாக்கப்பட்ட மஞ்சள் கெப்சியூல்களால் ஈரல் பாதிக்கப்பட்ட நோயாளிகள் பற்றிப் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. கொவிட் காலத்தில் இந்தியாவில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்தவர்கள் சிலருக்கும் ஈரல் அழற்சி ஏற்பட்டதை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். செறிவாக்கப்பட்ட கிரீன் டீ கெப்சியூல், உடற்பயிற்சி நிலையங்களில் விற்கும் தசை வளர்ச்சிப் பொடிகள், பெயர் தெரியாத "ஈரல் சுத்திகரிப்பு" மருந்துகள் ஆகியவற்றையும் இந்த 12 வாரங்களில் ஒதுக்கி வையுங்கள். மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை மருந்து ஹெபடைடிஸ் சி குளிசையின் அளவையே இரத்தத்தில் குறைத்துவிடும். அதை எடுக்கவே கூடாது.

உடல் ஒத்துக்கொள்ளாத நாட்களும் சீனி வருத்தமும்

புதிய குளிசைகளால் பெரும் உபாதைகள் வருவதில்லை. தலையிடி, களைப்பு, இலேசான ஓங்காளம், நித்திரைக் குறைவு ஆகியவையே சிலருக்கு வருகின்றன. ஓங்காளம் உள்ளவர்கள் குளிசையைச் சாப்பாட்டுடன் எடுத்துப் பார்க்கலாம். இஞ்சித் தேநீர், இடியப்பம், ரஸ்க், வாழைப்பழம் போன்ற இலகுவானவற்றைச் சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். தலையிடிக்குப் போதியளவு தண்ணீர் குடிப்பதே பலருக்கு உதவும். ரிபாவிரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் குறையலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அதைச் சாப்பாட்டால் சரிசெய்ய முயலாமல் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ரிபாவிரின் கருவில் உள்ள பிள்ளைக்குத் தீங்கானது. எனவே கணவன், மனைவி இருவரில் எவர் அதை எடுத்தாலும் கருத்தரிப்பதைத் தவிர்க்கும் காலம் பற்றி வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் எதிர்பாராத ஒன்றைச் சந்திக்கலாம். கிருமி குறையும்போது சிலருக்கு இரத்தச் சீனியும் குறைகின்றது. இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். முதல் சில வாரங்களில் அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

றமழானில் என்ன செய்வது?

சிகிச்சைக் காலத்தில் நோன்பு வந்துவிட்டால் பலர் கேட்காமலே இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். குளிசையை ஒரு மாதம் நிறுத்தி வைக்கிறார்கள், அல்லது நோற்கக் கூடாத உடல்நிலையிலும் நோன்பு நோற்கிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை.

எகிப்து இந்த விடயத்தில் எமக்குப் பயனுள்ள அனுபவத்தைக் கொண்டுள்ளது. நான்கு மில்லியனுக்கும் அதிகமானோருக்கு ஹெபடைடிஸ் சி சிகிச்சை அளித்த நாடு அது. நோன்பு நோற்கும் நோயாளிகள் பற்றி அங்குள்ள ஈரல் வைத்தியர்கள் வழிகாட்டல்களை எழுதியுள்ளனர். சிரோசிஸ் இல்லாதவர்கள் பொதுவாக நோன்பு நோற்கலாம். குளிசை நாளுக்கு ஒரு தடவை என்பதால் ஸஹரிலோ இப்தாரிலோ எடுக்கலாம். சிரோசிஸ் ஆரம்ப நிலையில் உள்ளவர்கள் வைத்தியரின் அனுமதியுடனும் கண்காணிப்புடனும் மட்டுமே நோற்க வேண்டும். வயிற்றில் நீர் கட்டியவர்கள், மஞ்சள் பூத்தவர்கள், இரத்த வாந்தி எடுத்தவர்கள், நினைவுக் குழப்பம் வந்தவர்கள் நோற்கக் கூடாது. எமது நாட்டில் நோன்பு 13 மணித்தியாலங்களுக்கும் அதிகமானது. சில மணித்தியாலப் பட்டினியையே தாங்காத ஈரல் அதை எவ்வாறு தாங்கும்? நோயாளிக்குரிய சலுகை சூரத்துல் பகராவிலேயே உள்ளது. அதைப் பயன்படுத்துவது குறித்து உங்கள் வைத்தியரின் கருத்தைப் பெற்று ஆலிம் ஒருவரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நோற்பவர்கள் றமழான் தொடங்கும் நாளிலேயே நேரத்தைத் தீர்மானித்து மாதம் முழுவதும் அதிலேயே நிற்க வேண்டும். உணவுடன் எடுக்க வேண்டிய குளிசையை ஒரு பேரீச்சம்பழத்துடனும் ஒரு வாய்த் தண்ணீருடனும் விழுங்காமல், மஃரிபுக்குப் பின்னரான முழுச் சாப்பாட்டுடன் எடுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் வெல்பட்டாஸ்விர் குளிசையை ஸஹரில் எடுத்து, அமில நிவாரணியை இரவு பத்து மணிக்கு முன்னரே எடுத்தால் நான்கு மணித்தியால இடைவெளி தானாகவே கிடைக்கும். நோன்புக் கஞ்சி நல்ல ஆரம்பம். அதன் பின்னர் சமோசா, கட்லட், சர்பத் என்று தொடர்ந்தால் சோறும் மீனும் மரக்கறியும் இறங்க இடமிருக்காது. ஸஹரைத் தவற விடாதீர்கள். முட்டை, பருப்பு, தயிர் போன்ற புரதம் அதில் இருக்கட்டும்.

ஒரே சஹனில் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஹெபடைடிஸ் சி உணவினாலோ, தண்ணீரினாலோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, முஸாபஹா செய்வதாலோ பரவுவதில்லை. தனிப் பீங்கான் வைப்பதால் வீட்டாருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. நோயாளியின் மனம்தான் உடைகின்றது. மனம் உடைந்தவர் சாப்பாட்டைக் குறைக்கிறார், பின்னர் குளிசையையும் விட்டுவிடுகிறார்.

பிரிக்க வேண்டியது இரத்தம் படக்கூடிய பொருட்களை. சவர பிளேட், நகவெட்டி, பல் தூரிகை, சீனி சோதிக்கும் ஊசி ஆகியவை அவரவருக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹிஜாமா செய்வோரிடமும் கத்னா செய்வோரிடமும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் பாவிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். உம்ரா, ஹஜ்ஜுக்குச் செல்வோர் தலை மழிக்கும்போதும் இதையே வலியுறுத்த வேண்டும்.

கடைசிக் குளிசையின் பின்னர்

கடைசிக் குளிசையை விழுங்கிய நாளில் சிகிச்சை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. அதிலிருந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தத்தைச் சோதித்து, அதில் கிருமி இல்லையென்றால் மட்டுமே குணமாகிவிட்டது என்று பொருள். பலர் இந்தப் பரிசோதனைக்குச் செல்வதே இல்லை. குணமான பின்னர் மீண்டும் தொற்றாது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. சிரோசிஸ் உள்ளவர்கள் கிருமி போன பின்னரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். அவர்களின் புரதமும் இரவுச் சாப்பாடும் உப்புக் கட்டுப்பாடும் தொடர வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் இந்தக் குளிசையை எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு இலைச் சாறு கொண்டுபோக வேண்டாம். நல்ல மீன் ஆணமும் சோறும் கொண்டுபோங்கள், அவருடன் ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிடுங்கள், எழும்ப முன்னர் இன்றைய குளிசை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.